முழங்கை மடிப்பு

ஒரு வாடிக்கையாளர் எனக்கு இரண்டு படங்களை அனுப்பினார். ஒன்றில் அந்த வாரம் நான் வெளியிட்ட ஜாக்கெட்; நிஜத் துணியல்ல, கணினித் திரையில் உலவும் உருவங்களுக்கு நான் செய்து விற்பது. மற்றதில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விற்ற கம்பளிக் கோட். இரண்டிலும் இடது முழங்கையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார். "இரண்டும் ஒரே கைதானே? பழையதைப் பிரித்துப் புதிதென்று விற்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு உடையையும் முதலிலிருந்துதான் செய்கிறேன் என்று சுடச்சுட நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான், அவர் வாயை அடைக்க ஆதாரம் வேண்டுமே என்று, பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் திறந்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட விலகவில்லை. முழங்கையின் உட்புறத்தில் துணி கசங்கி மூன்றாகப் பிரியும் இடத்தில், நடு மடிப்பு மட்டும் சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவுகூட அச்சு அசலாக அப்படியே இருந்தது.

பழைய கையை எடுத்து ஒட்டியிருக்கிறேன். அதில் பெரிய குற்றமில்லை. சொந்தக் கோப்பை மறுபடியும் எடுத்துப் பயன்படுத்தாதவர் இந்தத் தொழிலில் அரிது. என்னை உலுக்கியது வேறு. அதை எப்போது எடுத்தேன், எதற்காக எடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து செய்த ஜாக்கெட் அது. அதில் எந்த இடத்தைச் செய்தபோது என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.

லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் திறந்த செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் நான் உடைக் கடை நடத்துகிறேன். அதை விளையாட்டு என்று சொன்னால் அங்கிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வெல்லவோ தோற்கவோ அங்கு எதுவும் இல்லை; அவதார் என்கிற திரை உருவம் ஒன்றை எடுத்துக்கொண்டு உலவலாம், நடனமாடலாம், வீடு கட்டிக் குடியிருக்கலாம். அங்குள்ள நாற்காலி, மரம், தலைமுடி, செருப்பு என ஏறக்குறைய எல்லாமே அங்கு உலவுபவர்கள் செய்து ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்பவைதாம். பணம் லிண்டன் டாலர். ஏறத்தாழ 250 லிண்டன் சேர்ந்தால் ஓர் அமெரிக்க டாலர். ஒரு நல்ல உடையின் விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரே உடை பல நூறு பேரிடம் போய்ச் சேர்ந்தால்தான் செய்தவருக்கு ஏதாவது மிஞ்சும்.

நான் நுழைந்தது 2010-இல். அப்போது உடை என்பது உடல்மேல் பூசப்படும் ஒரு படம், அவ்வளவே. முன்பக்கமும் பின்பக்கமும் தட்டையாக விரிந்த ஒரு வார்ப்புருவில் துணியை வரைவோம். அது 512-க்கு 512 பிக்சல் அளவில் அவதாரின் மேல் படியும். விலாப்பக்கத் தையலில் முன்னும் பின்னும் பொருந்தாமல் கோடுகள் ஒடிந்து நிற்கும். ஒரு கட்டம் போட்ட சட்டையின் கட்டங்களை விலாவில் சேர்ப்பதற்கு ஒரு முழு இரவு போயிருக்கிறது. அந்த இரவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, எந்தக் கட்டம் அடம்பிடித்தது என்பது உட்பட.

2011-இல் மெஷ் வந்தது. வெளியே செய்த முப்பரிமாண உருவங்களை உள்ளே கொண்டுவர முடிந்தது. பாவாடைக்கு உண்மையான விரிவும் காலருக்கு உண்மையான தடிப்பும் கிடைத்தன. எனக்கு அது பொற்காலம். 2014-இல் ஃபிட்டட் மெஷ் வந்தபின், அணிபவரின் இடுப்பளவு மாறினால் உடையும் கூடவே மாறத் தொடங்கியது. அதையொட்டி, தனித்தனிப் படைப்பாளர்கள் செய்து விற்கும் மெஷ் உடல்களுக்கு மக்கள் மாறினார்கள். என் தொல்லை அங்கேதான் கருக்கொண்டது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

காரணம் எளிது. ஓர் உடலுக்குச் செய்த உடை இன்னோர் உடலுக்கு உட்காராது. ஒவ்வொன்றுக்கும் எலும்புக்கூட்டோடு உடையைத் தனியாகப் பிணைக்க வேண்டும், ரிக்கிங் என்போம். உடையின் எந்தப் புள்ளி எந்த எலும்பின் பேச்சை எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை வண்ணத்தால் தீட்டுவது வெயிட் பெயின்டிங். பிளெண்டரில் நீலம் என்றால் கேட்கவே கேட்காது, சிவப்பு என்றால் முழுதாகக் கேட்கும், நடுவில் பச்சையும் மஞ்சளும். அக்குள்தான் நரகம். கை தொங்கும்போது எல்லாம் அழகாக இருக்கும். கையைத் தூக்கச் சொன்னால் அக்குளில் தோல் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அங்கே கொஞ்சம் மஞ்சளைக் கூட்டினால் தோல் மறையும். ஆனால் கையை இறக்கியதும் விலாவில் ஒரு பை போலத் துணி உப்பும். உப்பலைத் தட்டினால் தோல் மறுபடி எட்டிப் பார்க்கும். பிறகு உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்; தொடை பாவாடைக்குள்ளிருந்து வெளியே வரும். ஓர் உடலுக்கு இப்படி இரண்டு மூன்று மணி நேரம். நான் ஆறு உடல்களுக்குச் செய்துகொண்டிருந்தேன்.

இதோடு வருமானக் கணக்கும் சேர்ந்துகொண்டது. சீட்டு விழுவதுபோல, காசு போட்டால் என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் காச்சா இயந்திரங்கள் அங்கே பல ஆண்டுகள் இருந்தன. என் கடையிலும் இரண்டு. 2021 ஆகஸ்ட் இறுதியோடு அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று விதி வந்தது. சரியான முடிவுதான், சூதாட்டத்தின் பக்கத்துவீடு அது, அதில் சம்பாதித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் அந்த ஓட்டையை அடைக்க நான் வார இறுதிச் சலுகை விற்பனைகளில் சேர்ந்தேன். பிறகு மாதாந்தர ஈவென்ட்கள்: ஒவ்வொன்றுக்கும் அங்கு மட்டுமே கிடைக்கும் ஒரு புதிய உடை, ஒரு கெடு தேதி, ஒரு பங்கேற்புக் கட்டணம். மாதத்துக்கு ஒன்று என்று தொடங்கி மூன்றில் நின்றது. 2023 இறுதியில் ஒளிக்கேற்ப உலோகமும் தோலும் மினுங்கும் பிபிஆர் மெட்டீரியல்கள் வந்தன. பார்க்க அருமை. ஆனால் செகண்ட் லைஃபுக்குள் நுழையப் பயன்படும் மென்பொருளான வியூவரின் புதிய பதிப்புக்கு எல்லோரும் உடனே மாறிவிட மாட்டார்களே. பழைய முறைக்கு ஒரு தொகுப்பு, புதியதற்கு ஒரு தொகுப்பு என்று, உடையின் மேற்பரப்பில் படியும் படங்களான டெக்ஸ்சர்களின் வேலை இரட்டித்தது.

படைப்புச் சோர்வு என்றால் எந்த யோசனையும் வராமல் வெறுமையாக உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்படி நடக்கவில்லை. நான் முன்னைவிட அதிகமாக உற்பத்தி செய்துகொண்டிருந்தேன். ஒரு கெடுவைக்கூடத் தவறவிட்டதில்லை. அதனால்தான் யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை.

வேறு அடையாளங்கள் இருந்தன. வாடிக்கையாளர்மேல் வெறுப்பு, அதுவும் எந்தத் தப்பும் செய்யாதவர்மேல். "சிவப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, நன்றி" என்று ஒருவர் எழுதினால், சிவப்பு மட்டும்தானா, மற்ற பதினொரு நிறங்கள் என்ன பாவம் செய்தன என்று மனத்துக்குள் கடுகடுப்பேன். மற்றவர்கள் செய்த உடைகளைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். முன்பெல்லாம் ஒரு நல்ல காலரைப் பார்த்தால் கேமராவைத் திருப்பித் திருப்பி அதன் உள்பக்கம்வரை ஆராய்வேன். இப்போது விலையை மட்டும் பார்த்தேன்.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட விளக்கத்தில் தொழில்சார் சோர்வுக்கு மூன்று கூறுகள் சொல்லப்பட்டிருக்கின்றன: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வளர்வது, தன் திறமை குறைந்துவிட்டதாக உணர்வது. அது நோய் அல்ல, சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றும் அதிலேயே இருக்கிறது. படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் பணியிடத்தில் முதலாளி, மேலாளர், அந்த அழுத்தத்தைக் கொடுத்தவர் எல்லாம் நான்தான். யாரிடம் போய் முறையிடுவது?

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் நான் போனது மருத்துவரிடம். தூக்கம் கெட்டிருந்தது, மணிக்கட்டு வலி வேறு. ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் சோதித்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதை யோசித்தேன். தொடர் களைப்புக்கு உடலில் காரணம் இருக்கும்போது, அதைப் படைப்பு மனத்தின் துயரம் என்று அழகாகப் பெயரிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது முட்டாள்தனம்.

எல்லோரும் சொல்வதைத்தான் அடுத்துச் செய்தேன். ஓய்வு. கடையில் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டு இரண்டு வாரம் உள்ளே நுழையவே இல்லை. முதல் வாரம் சுகமாக இருந்தது. இரண்டாம் வாரம் வியாழக்கிழமையே வயிற்றில் கல் விழுந்தது, ஏனென்றால் திங்கட்கிழமை திரும்ப வேண்டும். செகண்ட் லைஃபில் நாம் இல்லாதபோது வரும் செய்திகளுக்கு ஒரு வரம்பு உண்டு. அது நிறைந்தால் மீதிச் செய்திகள் வந்து சேராது. அதனால்தான் கடைக்காரர்கள் "நோட்கார்டு (குறிப்புத் தாள்) அனுப்புங்கள்" என்று தங்கள் பக்கத்தில் எழுதிவைப்பார்கள். நான் திரும்பியபோது செய்திப்பெட்டி நிறைந்து வழிந்திருந்தது, நோட்கார்டுகள் தனியாகக் குவிந்திருந்தன, ஓர் ஈவென்டின் கெடு ஆறு நாளில். புதன்கிழமைக்குள் ஓய்வு எடுத்ததற்கான தடயமே என்னிடம் இல்லை. ஓய்வில் தவறில்லை, திரும்பிவந்த இடம் போனபோது இருந்தபடியே இருந்தது.

முழங்கைப் படங்கள் வந்தது அதற்கு அடுத்த மாதம்.

என் தம்பிதான் கடையின் கணக்கு வழக்குகளைப் பார்க்கிறான். அவனிடம் இதைச் சொன்னேன். அவனுக்குத் துணியும் தெரியாது, டெக்ஸ்சரும் தெரியாது. "அக்கா, ஓர் உடைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "விலை வைக்கிறாயே, தெரியாமலா வைக்கிறாய்?" என்றான். எரிச்சலாக இருந்தாலும் கேள்வி நியாயம். அடுத்த உடைக்கு ஒரு தாளில் ஒவ்வொரு வேலையின் நேரத்தையும் குறித்தேன்.

மொத்தம் 41 மணி நேரம். மார்வெலஸ் டிசைனர் என்ற உடை வடிவமைப்பு மென்பொருளில் துணியை வெட்டி, தைத்து, விழவிட்டு, மடிப்புகளைச் சரிசெய்ய 5. நிறமும் நெசவும் தையலும் தீட்ட 7. ரிக்கிங் 14. விளம்பரப் படங்கள் 4. பெட்டிகளில் அடுக்கி, ஃபேட்பேக் என்கிற எல்லா நிறங்களும் அடங்கிய தொகுப்பைத் தயாரித்து, விலைப் பலகை மாட்ட 4. செய்திகளுக்குப் பதில் சொல்ல 7. எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தேனோ அந்த வேலைக்கு ஐந்தே மணி நேரம், அதிலும் பாதி நேரம் பழைய கோப்புகளைத் தோண்டியதுதான். மடிப்பில் நேரத்தைச் சேமித்து, மீந்ததையெல்லாம் அக்குளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முழங்கை ஏன் பழையது என்பதற்கு அந்தத் தாளே பதில்.

இந்தத் தொழிலில், அல்லது இதைப் போன்ற எதிலும், சோர்ந்து கிடப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இது ஒன்றைத்தான்: எதையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு பொருளுக்கு மணிக்கணக்கை எழுதிப் பாருங்கள். வேலை அதிகம் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. எந்த வேலை எந்த வேலையைத் தின்கிறது என்பதுதான் தெரியாமலிருந்தது.

ரிக்கிங்கைக் குறைக்க வேண்டும் என்றால் உடல்களைக் குறைக்க வேண்டும். எந்த உடல்களை? ஆறு உடல்களுக்கான கோப்புகளும் ஒரே பெட்டியில் போவதால், வாங்கியவர் எதை அணிகிறார் என்று கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. இங்கே தம்பி ஒரு நல்ல வழி சொன்னான். வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க இலவச டெமோ கொடுப்பது வழக்கம். அதையும் ஒரே பெட்டியில்தான் வைத்திருந்தேன். அதை உடல்வாரியாக ஆறு பெட்டிகளாகப் பிரிக்கச் சொன்னான். ஒவ்வொரு டெமோவும் பூஜ்யம் லிண்டன் விற்பனையாகப் பதிவாகும். ஆறு வாரம் எண்ணினோம். பத்தில் எட்டு டெமோக்கள் இரண்டே உடல்களுக்கு. ஓர் உடலுக்கு ஆறு வாரத்தில் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேருக்காக ஒவ்வோர் உடைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அக்குளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இரண்டு உடல்களை விட்டேன், நான்கை வைத்துக்கொண்டேன். இரண்டே போதும் என்றது கணக்கு. மூன்றாவதை வைத்துக்கொண்டது என் பலவீனம். அதை அணியும் பழைய வாடிக்கையாளர்கள் சிலரை எனக்கு நேரில் பழகியவர்களைப் போலவே தெரியும். நான்காவது, சொன்னால் சிரிப்பீர்கள், நானே அணியும் உடல். கணக்குப்படி அதுவும் விட்டவற்றுக்குள்தான் இருந்திருக்க வேண்டும். நியாயப்படி விட்டிருக்க வேண்டிய ஒன்றை என் சுயநலத்துக்காக வைத்துக்கொண்டேன் என்ற குற்றவுணர்வு இன்னும் உண்டு.

அறிவித்த வாரம் நன்றாக இருக்கவில்லை. கடையின் வாடிக்கையாளர் குழுவிலிருந்து பலர் விலகினார்கள். "உங்களிடம் இத்தனை வருடம் வாங்கியதற்கு இதுதான் பரிசா" என்று ஒருவர் எழுதினார். பழைய உடைகளில் எதையும் நீக்கவில்லை, இனிமேல் வருபவற்றுக்குத்தான் என்று ஒரே பதிலை எல்லோருக்கும் அனுப்பினேன். இந்தப் பதிலை அறிவிப்புக்கு முன்பே, மனம் அமைதியாக இருந்த ஒரு காலையில் எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை. திட்டு வாங்கிய கையோடு எழுதியிருந்தால் அந்த முழங்கைப் பதில்போலத்தான் இருந்திருக்கும்.

ஈவென்ட் மூன்றிலிருந்து ஒன்றானது, அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வார இறுதி விற்பனையிலிருந்து முழுதாக விலகினேன். பன்னிரண்டு நிறங்கள் ஐந்தாயின. செய்திகளை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பார்க்கிறேன், கடை வாசலில் எந்த நாள் என்று எழுதியிருக்கிறது. வருமானம் முதல் மூன்று மாதம் பாதிக்கு அருகில் விழுந்தது. பிறகு ஏறியது, பழைய உயரத்துக்கு இல்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் நிற்கிறது. அதைத் தாங்க எனக்கு வேறொரு சிறு வேலை இருந்தது. அது இல்லாதவர்களிடம் போய் "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. அவர்கள் ஒரே நாளில் வெட்டாமல், ஒரு காலாண்டுக்கு ஓர் உடல், ஓர் ஈவென்ட் என்று கழற்றிப் பார்க்கலாம். வருமானம் எங்கே விழுகிறது என்பதும் அப்போது தெளிவாகத் தெரியும்.

இவ்வளவும் செய்தபின் நேரம் கிடைத்தது. ஆனால் ஆசை கூடவே வந்துவிடவில்லை. காலி நேரத்தில் உட்கார்ந்தால் கை தானாகப் பழைய கோப்புகளைத்தான் திறந்தது. பழக்கம். அதை உடைத்தது ஓர் அற்ப வேலை. என் சொந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று முழங்கையை மடக்கினேன், நீட்டினேன், மறுபடி மடக்கினேன். என் வலது கையில் மடிப்புகள் ஆழமாகவும் நெருக்கமாகவும் இருந்தன. இடது கையில் ஒரே ஒரு பெரிய மடிப்பு, அதுவும் சோம்பலாக. வலக்கைக்காரர் அணிந்த துணி அப்படித்தானே பழகியிருக்கும். பதினான்கு வருடங்களாக உடை செய்கிறேன், இது எனக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் உண்டு. நாங்கள் ஒரு கையைத்தான் செய்வோம். மறுகை அதன் கண்ணாடிப் பிம்பம். இரண்டு கைகளும் டெக்ஸ்சரில் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். மிச்சமாகும் இடத்தில் பொத்தானையும் தையலையும் துல்லியமாகக் காட்டலாம். மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. அன்று இரவு விற்பனைக்கு அல்லாத ஒரு கோப்புறையைத் திறந்து, இரண்டு கைகளும் வேறுவேறாக இருக்கும் ஒரு சாம்பல் நிறக் கோட்டைத் தொடங்கினேன். ஒரே உடல், ஒரே நிறம். கெடு கிடையாது. உள்துணிக்குத் தனி நெசவு, யாரும் கேமராவைக் காலருக்குள் விட்டுப் பார்த்தாலொழிய தெரியாது. நான்கு மாதம் ஆயிற்று. இடையில் பல வாரங்கள் அதைத் தொடவே இல்லை, தொட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் எந்த மடிப்பை எந்த நாளில் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியும்.

முடித்ததும், படங்கள் அனுப்பிய அந்த வாடிக்கையாளருக்கு ஒரு நோட்கார்டு எழுதினேன். நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது பொய், அப்போது அது பொய்யென்று எனக்கே தெரியாது என்று எழுதி, கூடவே கோட்டையும் அனுப்பிவைத்தேன். இரண்டு முழங்கைகளையும் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் பதில் வந்தது. மன்னிப்புக்கு நன்றி, கோட் பிரமாதம் என்றார். பிறகு கேட்டிருந்தார்: "கருப்பில் கிடைக்குமா?"